ஓரிடத்தில் எழுதிப் பலவிடத்தில் தோன்றுவது

தமிழ் விக்கிப்பீடியாவில் உத்திரமேரூரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, ஊரின் அமைவிடம், கோயில்கள், குடவோலைக் கல்வெட்டுகள் ஆகியவற்றையெல்லாம் படித்துக்கொண்டே அடிவரை செல்லுகிறவர், அங்கே காஞ்சிபுரம் மாவட்டத்தின் வட்டங்களையும் ஊர்களையும் நிரல்படக் காட்டும் பெட்டி ஒன்றைக் காண்பார். அதே பெட்டி வாலாஜாபாத்தைப் பற்றிய கட்டுரையின் அடியிலும் இருக்கிறது. திருப்பெரும்புதூர்க் கட்டுரையின் அடியிலும் இருக்கிறது. ஆனால் திருத்தும் பொருட்டு அக்கட்டுரையின் மூலத்தைத் திறந்தால், பெட்டியின் உள்ளடக்கத்தில் ஒரு வரிகூட அங்கே எழுதப்பட்டிராமல், இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் ஒரு பெயர் மாத்திரம் நின்றுகொண்டிருக்கும். உள்ளடக்கம் வேறொரு தனிப் பக்கத்தில் ஒரே முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வாசகர் கேட்கும் கட்டுரையைச் சர்வர் தயார் செய்யும் சமயத்தில், அந்தப் பெயர் நின்ற இடத்திலே அது கொண்டுவந்து வைக்கப்படுகிறது.

இவ்வாறு தனியே எழுதிவைத்த துண்டை விக்கிப்பீடியர்கள் வார்ப்புரு என்கிறார்கள். இணையச் செயலிகளை நிர்மாணிக்கும் புரோகிராமர்கள் அதற்கு நேரான தங்கள் துண்டைப் பார்ஷியல் என்று வழங்குகிறார்கள். 1990களில், வெறும் கோப்புகளாகவே இணையப் பக்கங்கள் இருந்த காலத்திலேயே, ஒரு கோப்பினுள் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி சர்வருக்குக் கட்டளையிடும் வசதி இருந்தது. பின்னர் 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ், அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்துப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்தில் வளர்ந்து 2005-இல் பொதுவுக்கு வந்த ஜாங்கோ, 2011-இல் பிறந்த லாராவெல் முதலிய, செயலி கட்டுவதற்கு அடித்தளமாக உதவும் ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் இந்த வசதியை வளர்த்துச் சீராக்கின. ரெயில்ஸில் பார்ஷியலுக்குரிய கோப்பின் பெயர் ஓர் அடிக்கோட்டோடு தொடங்க வேண்டும் என்பது விதி. தானே ஒரு முழுப் பக்கமாக நிற்க உரிமையற்றது, பிறிதொன்றன் அங்கமாகவே வரத்தக்கது என்பதைப் பெயரைப் பார்த்த மாத்திரத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

பக்கம் எப்படி உருவாகிறது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ஒரு செயலி இருப்பதாகக் கொள்வோம். நம்முடைய கைப்பேசியிலுள்ள பிரௌசர் பட்டியலைக் கேட்டு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. சர்வரில் இருக்கும் செயலி, அவ்வேண்டுகோளின் முகவரியை நோக்கி, அதைக் கவனிக்கவேண்டிய கன்ட்ரோலர் எது என்று நிச்சயிக்கிறது. கன்ட்ரோலர் டேட்டாபேஸிலிருந்து ஊராட்சிகளின் விவரங்களை எடுத்து, அவற்றை டெம்ப்ளேட்டின் கையில் ஒப்படைக்கிறது. டெம்ப்ளேட் என்பது ஹெச்டிஎம்எல் மொழியில் எழுதப்பட்டு, இடையிடையே நிரப்பவேண்டிய வெற்றிடங்களை உடைய பக்கம். அதில் ஊராட்சியின் பெயர், ஏரி, பள்ளிக்கூடம் முதலியவற்றைக் காட்டும் சிறு கட்டம் ஒன்று ஒவ்வோர் ஊராட்சிக்கும் வரவேண்டும். தேடல் பக்கத்திலும் அதே கட்டம் வரவேண்டும். வட்டத்தின் முகப்புப் பக்கத்திலும் வரவேண்டும். இதைப் பார்ஷியலாகத் தனியே எழுதிவிட்டால், பட்டியல் பக்கம் செய்யவேண்டியதெல்லாம், இன்ன பார்ஷியலை இந்தத் தொகுதியிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு முறை வரைந்து கொடு என்று கேட்பதுதான். ரெயில்ஸில் தொகுதியையே மொத்தமாக ஒப்படைக்க முடியும். அப்படிச் செய்தால், ஃபிரேம்வொர்க் கோப்பை ஒரு முறை மாத்திரமே தேடி எடுத்துக்கொண்டு எல்லா உறுப்புகளுக்கும் பயன்படுத்துகிறபடியால், வேலை விரைவாகவும் முடிகிறது.

ஃபிரேம்வொர்க்குகள் டெம்ப்ளேட்டை ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருப்பதில்லை. ரெயில்ஸ் அதை ரூபி மொழியின் ஒரு மெத்தடாகவும், லாராவெலின் பிளேடு அதைச் சாதாரண பிஹெச்பி நிரலாகவும், மைக்ரோசாஃப்டின் ரேஸர் அதை ஒரு சி ஷார்ப் கிளாஸாகவும் மாற்றி வைத்துக்கொள்ளுகின்றன. ஆகவே பார்ஷியல் என்பது, உண்மையை நோக்குமிடத்து, சில மதிப்புகளை வாங்கிக்கொண்டு ஹெச்டிஎம்எல் வாசகம் ஒன்றைத் திருப்பித் தருகிற ஃபங்ஷனே அன்றி வேறன்று. பிரௌசருக்கோ இந்தத் துண்டுகளைப் பற்றி யாதொன்றும் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமான பிறகே அதனிடம் போய்ச் சேருகிறது.

திரும்பத் திரும்ப வரும் வாசகத்தை என்ன செய்வது என்னும் பிரச்சினை, இணையத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டில் எழுந்து, அக்காலத்துக்கு இயன்ற முறையில் தீர்க்கப்பட்டும் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கிறவர்கள், மங்கலச் சொல்லும், மதுரையை வென்ற பரகேசரிவர்மன் என்னும் அரசனது பட்டமும், ஆட்சியாண்டும், கோட்டம் என்னும் நிலப்பிரிவும், ஊரும் ஒரே கிரமத்தில் வருவதைக் கவனித்திருப்பார்கள். பட்டம் அப்படியே இருக்கும். ஆண்டு மாத்திரம் மாறும். நிலையான வாசகமும் அதனுள் நிரப்பப்படும் வெற்றிடமும் என்னும் அமைப்பு இதில் தெளிவாகவே இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் இவ்வழக்கம் மெய்க்கீர்த்தியாக விரிந்தது. அரசனுடைய வெற்றிகளைச் செய்யுள் நடையில் தொகுத்துச் சொல்லும் அந்த முகப்பு வாசகம், கோயிலுக்கு ஒரு விளக்கு தானம் செய்ததைச் சொல்லும் கல்வெட்டாயினும் சரி, நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டாயினும் சரி, தொடக்கத்தில் நிற்கும். அரசன் புதிய நாடுகளை வெல்ல வெல்ல அதுவும் நீண்டுகொண்டே போகும்.

ஆனால் கல்லுக்கு ஒரு தடை உண்டு. முகப்பு வாசகம் வேறோர் ஊரில் இருக்கிறது, அங்கிருந்து சேர்த்துக்கொள்க என்று குறிப்பிட்டுவிட்டுப் போவதற்குக் கல்லில் வழியில்லை. சிற்பி ஒவ்வொரு சுவரிலும் முழுவதையும் செதுக்கியே ஆகவேண்டும். செதுக்கும்போது ஓரெழுத்து பிசகினால் அந்தப் பிசகு அந்தச் சுவருக்கு மாத்திரம் உரியதாகிவிடும். அரசன் மறு ஆண்டு வேறொரு நாட்டை வென்றால், முந்திய ஆண்டு செதுக்கியவை அதை அறியாமலே நிற்கும். ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் குழுக்களான வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் புகழ்பெற்ற இரண்டு கல்வெட்டுகளில் ஒன்று பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், 919-இல் செதுக்கப்பட்டது. மற்றது பதினான்காம் ஆட்சியாண்டில், 921-இல் செதுக்கப்பட்டது. முதலாவதில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று திருத்தப்பட்டிருக்கிறது. திருத்தம் செய்த சபையார், பழைய விதியைச் சொல்லும் எழுத்தின்மேல் கை வைக்கவில்லை. குடும்புகள் எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகள், ஓலை எழுதிக் குடத்திலிடும் முறை ஆகிய பொதுவான விஷயங்களைப் புதிய கல்வெட்டில் மீண்டும் முழுவதும் எழுதி, மாறவேண்டியதை மாற்றிப் பொறித்தார்கள்.

பிரதி செய்தல் என்பது இதுதான். எழுத்தைப் பல இடங்களில் பெயர்த்து எழுதுதல் ஒரு முறை; ஓரிடத்தில் எழுதிவிட்டு ஏனைய இடங்களிலிருந்து அதைச் சுட்டுதல் மற்றொரு முறை. பார்ஷியல் இரண்டாவது முறையைச் சேர்ந்தது. புதிதாக இத்தொழிலைக் கற்கிறவர்களுக்கு, இது எழுதும் சிரமத்தைக் குறைக்கும் உபாயம் என்றே பெரும்பாலும் சொல்லித்தரப்படுகிறது. சிரமம் குறைவதும் மெய்யே. ஆயினும் இதன் மெய்யான பிரயோஜனம் எழுதும் நாளில் தெரிவதில்லை. உலகத்தில் ஏதோ ஒன்று மாறுகிற நாளில்தான் தெரிகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாக இருந்த நிலப்பரப்பு 1997 ஜூலை 1-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. மதுராந்தகம், செய்யூர், தாம்பரம், திருக்கழுக்குன்றம் முதலிய வட்டங்கள் செங்கல்பட்டோடு போயின. காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், திருப்பெரும்புதூர், புதிதாக உண்டான குன்றத்தூர் ஆகிய ஐந்து வட்டங்கள் காஞ்சிபுரத்தில் நின்றன. அடியிலுள்ள பெட்டி ஒவ்வொரு கட்டுரையிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்க் கட்டுரைகள் அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து திறந்து திருத்தியிருக்க வேண்டும். அவர் எவ்வளவு சிரத்தையுடையவராயினும் சிலவற்றை விட்டிருப்பார். அதன்பின், ஓர் ஊரின் கட்டுரை ஒன்றைச் சொல்ல, அடுத்த ஊரின் கட்டுரை அதற்கு மாறாகச் சொல்லிக்கொண்டிருக்கும். வார்ப்புருவாக இருந்ததனால், அந்த ஒரு பக்கத்தைத் திருத்தியதும் உத்திரமேரூரிலும் வாலாஜாபாத்திலும் பெட்டி புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. மாறாக, கட்டுரையின் நடுவில், மதுராந்தகம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது என்று ஒருவர் வாக்கியமாக எழுதி வைத்திருந்தால், அந்த வாக்கியத்தைத் தேடிப்போய்த்தான் திருத்த வேண்டும்.

இதனால், திரும்ப வருவதையெல்லாம் பார்ஷியலாக ஆக்கிவிடலாம் என்று எண்ணுதல் தவறு. இன்று ஒரே மாதிரியாகத் தோன்றும் இரண்டு கட்டங்கள், வெவ்வேறு காரணங்களால் நாளை வெவ்வேறு விதமாக மாறக்கூடும். கிராம நிர்வாக அலுவலர் பார்க்கும் பக்கத்திலும் விவசாயி பார்க்கும் பக்கத்திலும் நிலத்தைப் பற்றிய அதே நான்கு வரிகள் வருகின்றன என்பதற்காக இரண்டையும் ஒரே பார்ஷியலாக்கினால், ஆறு மாதங்களில் அதனுள், பார்ப்பவர் அலுவலராயின் இதைக் காட்டு, விவசாயியாயின் அதை மறை என்னும் நிபந்தனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எவரும் தொட அஞ்சும் நிலைக்கு அது வந்துவிடும். உருவத்தில் ஒத்திருப்பதைக் காட்டிலும், மாறுங்கால் சேர்ந்து மாறவேண்டியவையா என்பதே இங்கே பார்க்கவேண்டிய விஷயம். இரண்டு இடங்களில் பிரதியாக இருப்பது, தவறான ஓர் ஒருமையைவிட நல்லது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றொரு நுட்பம், பார்ஷியலுக்கு வேண்டிய மதிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. ஜாங்கோவிலும் லாராவெலிலும், சேர்க்கப்படும் துண்டு, தன்னைச் சேர்த்துக்கொண்ட பக்கத்தின் மதிப்புகள் எல்லாவற்றையும், வேண்டாமென்று தடுத்தாலன்றித் தானாகவே காணும். ரெயில்ஸிலும் கன்ட்ரோலர் வைத்த சில மதிப்புகள் எல்லாத் துண்டுகளுக்கும் தெரியும். இது ஆரம்பத்தில் சௌகரியமாக இருக்கும். ஆனால் பட்டியல் பக்கத்தில் நன்றாக வேலை செய்த கட்டத்தை வேறொரு பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவுடன், அது யாருக்கும் சொல்லாமல் சார்ந்திருந்த ஒரு மதிப்பு அங்கே இல்லாமல் போகவே, கட்டம் வெறுமையாகவோ பிழையாகவோ வந்து நிற்கும். ஆதலின் தேர்ந்தவர்கள், துண்டுக்கு வேண்டியவை இவை, இவையன்றி வேறொன்றும் வேண்டா என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2023-இல் வந்த ரெயில்ஸ் 7.1, பார்ஷியலின் தலைப்பிலேயே அதற்குரிய மதிப்புகளைப் பிரகடனம் செய்து, மற்றவற்றை மறுக்கும் வசதியைத் தந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டோ, தாய்ப் பக்கத்தின் தகவல் தொகுதியின் ஒரு பிரதியைத்தான் பார்ஷியலுக்குக் கொடுக்கிறது. துண்டு அப்பிரதியில் புதிதாக எதைச் சேர்த்தாலும் அது தாய்ப் பக்கத்தை எட்டாது.

பார்ஷியல் தனக்கு வேண்டியதைத் தானே போய் டேட்டாபேஸில் தேடுமாறு எழுதுவதும் பெருந்தீங்கு. ஒன்றியத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் தன் ஊராட்சியின் ஏரியைத் தானே கேட்டுக்கொண்டிருந்தால், ஒரே ஒரு பக்கத்துக்காக எழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் டேட்டாபேஸுக்குப் போகும். எல்லா ஏரிகளையும் ஒரே கேள்வியில் முன்னதாக எடுத்துவந்து பகிர்ந்து கொடுப்பது கன்ட்ரோலரின் கடமை. பார்ஷியலின் கோப்பைப் பார்த்தால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதிலே இருப்பது ஒரே ஒரு வரிதான்.

விக்கிப்பீடியாவில் தமிழுக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. வார்ப்புருக்கள் விரிந்து வந்து ஒரு பக்கத்தில் சேரும் வாசகத்தின் மொத்த அளவுக்கு அங்கே 2 மெகாபைட் என்று ஓர் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு மேற்பட்டால் எஞ்சிய வார்ப்புருக்கள் விரியாமல் வெறும் பெயர்களாகவே நின்றுவிடும். எல்லை பைட்டுகளில் அளக்கப்படுகிறது. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழுக்கோ, அகரம் ஏறிய ஓர் எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும்; ‘கொ’ என்னும் எழுத்து ககரத்துக்கு மூன்றும் உயிர்க்குறிக்கு மூன்றுமாக ஆறு பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். எனவே ஆங்கிலப் பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கும்போதே, அதே வார்ப்புருக்களையுடைய தமிழ்ப் பக்கம் எல்லையை நெருங்கிவிடுகிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தன்னார்வலர்களே எழுதிச் சேர்த்த தமிழ் விக்கிப்பீடியாவில், இதைப் பொறுமையோடு கவனித்து வார்ப்புருக்களை மெலிதாக்குகிறவர்களுடைய உழைப்பு, கட்டுரை எழுதுகிறவர்களுடைய உழைப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஓரிடத்துத் திருத்தம் எங்கும் பரவுவதைப் போலவே ஓரிடத்துப் பிழையும் எங்கும் பரவும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பல பக்கங்கள் பயன்படுத்தும் வார்ப்புருவை யாரேனும் விஷமத்துக்காகக் கெடுத்தால் அத்தனை பக்கங்களும் கெடும். அதனால்தான் அத்தகைய வார்ப்புருக்களைத் திருத்தும் அதிகாரம் சிலருக்கு மாத்திரம் என்று பூட்டி வைக்கப்படுகிறது.

இவை யாவற்றிலும் ஆழ்ந்த பிரச்சினை ஒன்று உண்டு; அது காலத்தைப் பற்றியது. விக்கிப்பீடியா ஒவ்வொரு கட்டுரையின் பழைய வடிவங்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஆயினும் உத்திரமேரூர்க் கட்டுரையின் 2015-ஆம் ஆண்டு வடிவம் ஒன்றை இன்று திறந்தால், கட்டுரை வாசகம் அன்றையதாகவும், அடியிலுள்ள பெட்டி இன்றையதாகவும் வரும்; 2015-இல் இம்மாவட்டத்தில் இருந்த மதுராந்தகத்தை அந்தப் பெட்டியில் காணமுடியாது. சுட்டப்படுவது எப்போதும் இன்றைய நாளையே பேசுகிறது. தனக்கு ஒரு நேற்று இருந்தது என்பதை அது மறந்துவிடுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரோ, 919-இல் வயது வரம்பு என்ன, 921-இல் என்ன என்று இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு நிற்கிறது. பிரதி செய்யும் முறையில் குறையாகத் தோன்றியதே வரலாற்றாசிரியனுக்குச் செல்வமாயிற்று; மெய்க்கீர்த்தியில் எந்த வெற்றிவரை சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே, ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்வெட்டின் காலத்தையும் ஆராய்ச்சியாளர் கணிக்கிறார்கள்.

ஆகையால் செயலி எழுதுகிறவர், ஒவ்வொரு துண்டையும் குறித்து, இது இன்றைய நிலையைச் சொல்லவேண்டியதா, அல்லது தான் எழுதப்பட்ட நாளின் நிலைக்குச் சாட்சியாக நிற்கவேண்டியதா என்று கேட்டாக வேண்டும். மேல் தலைப்பு, அடிக்குறிப்பு, ஊர்ப் பட்டியல், உதவித் தொலைபேசி எண் ஆகியவை முதல் வகையின. அவை பார்ஷியலாகவே இருக்கத்தக்கவை. கொடுக்கப்பட்ட ரசீது, வழங்கப்பட்ட சான்றிதழ், பதியப்பட்ட கிரயப் பத்திரம் ஆகியவை இரண்டாம் வகையின. 1990-இல் உத்திரமேரூரில் ஒரு நிலத்தை வாங்கியவருடைய பத்திரத்தில் வருவாய் மாவட்டம் காஞ்சிபுரம் என்று இருக்க இடமில்லை. அந்தப் பெயரில் அன்று ஒரு வருவாய் மாவட்டமே கிடையாது. அந்தப் பத்திரத்தின் விவரத்தைத் திரையில் காட்டும் செயலி, மாவட்டத்தின் பெயருக்கு இன்றைய பார்ஷியலை அழைத்துவிட்டால், பார்வைக்கு அழகாகவும் பொருளில் பொய்யாகவும் ஒரு பக்கம் உண்டாகும். இத்தகையவற்றை வழங்கிய நாளில் தோன்றியபடியே முழுதாகச் சேமித்து வைத்துவிடுவது ஒரு வழி.

அதைவிடச் சிறந்த வழி ஒன்றும் உண்டு. ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதோடு, எந்நாள் முதல் எந்நாள் வரை இருந்தது என்பதையும் டேட்டாபேஸில் எழுதிவைத்து, பார்ஷியலுக்கு ஊரின் பெயரை மாத்திரமன்றித் தேதியையும் ஒரு மதிப்பாகக் கொடுத்துவிடலாம். அப்போது மதுராந்தகத்துக்கு 2000 என்று கொடுத்தால் காஞ்சிபுரம் என்றும், 2020 என்று கொடுத்தால் செங்கல்பட்டு என்றும் அதே துண்டு விடை சொல்லும். உத்திரமேரூருக்கு 921 என்று கொடுத்தால் காலியூர்க் கோட்டம் என்று சொல்லுமாறும் செய்யலாம். இதற்கு வேண்டிய உழைப்பு பார்ஷியலில் இல்லை. அட்டவணையைத் தயாரிப்பதிலும், ஒவ்வொரு பிரிவினையின்போதும் பழைய வரியை அழிக்காமல் அதற்கு முடிவுத் தேதியிட்டுப் புதிய வரியைச் சேர்ப்பதிலும் இருக்கிறது. அதற்குக் கைம்மாறாக ஒரு லாபமும் கிடைக்கிறது. ஒரு முறை வரைந்த துண்டை மீண்டும் வரையாமலிருக்கும் பொருட்டு ஃபிரேம்வொர்க்குகள் அதைக் கேஷில் வைத்துக்கொள்ளுவதுண்டு. இன்றைய நிலையைச் சொல்லும் துண்டாயின், மூலத் தகவல் மாறுந்தோறும் அதைக் கழித்துவிட்டுப் புதிதாக வரைந்தாக வேண்டும், கழிக்க மறந்தால் பழைய செய்தியே போய்க்கொண்டிருக்கும். கடந்துபோன ஒரு தேதியைச் சொல்லிக் கேட்ட துண்டுக்கோ அந்தக் கவலை இல்லை. ஆவணத்திலேயே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டாலன்றி, அது கேஷில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் சரியாகவே இருக்கும்.